மாதம் இருநூறு ரூபாய், வாரம் ஒரு மணி நேரம்

தாம்பரம், பல்லாவரம் பகுதிக் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைவர்களே, செயலாளர்களே, பொருளாளர்களே, சந்தா ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கும் உறுப்பினர்களே,



உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும். மண்டல அலுவலகத்தில் கையில் மனுவோடு காத்திருந்தபோது பார்த்திருக்கிறேன். ஏரிக்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கியபோது பார்த்திருக்கிறேன். தண்ணீர் லாரி வராத நாளில், காதிலிருந்து செல்பேசியை எடுக்காமல் தெருமுனையில் நின்றதையும் பார்த்திருக்கிறேன். சம்பளம் கிடையாது, நன்றியும் பெரிதாகக் கிடையாது. ஆனாலும் ஊர் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறீர்கள். அதனால்தான் இந்த மடலை மாநகராட்சிக்கோ அரசுக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். நம் பகுதிக்கென்று ஓர் இணைய வானொலி வேண்டும். அதை நீங்கள்தான் தொடங்க முடியும். தொடங்கிய பிறகு நடத்தவும் உங்களால்தான் முடியும். என் காரணங்களைச் சொல்லிவிட்டு, கடைசியில் உங்களிடம் மூன்றே மூன்று கேட்கப்போகிறேன்.

முதலில் என் ஆதங்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. இன்று 70 வார்டுகள் இருக்கின்றன. பம்மலில் இருப்பவருக்கும் மாடம்பாக்கத்தில் இருப்பவருக்கும் ஒரே மேயர், ஒரே ஆணையர். ஆனால் பம்மலில் என்ன நடக்கிறது என்று மாடம்பாக்கத்துக்குத் தெரியுமா? அனகாபுத்தூரில் வாழைநாரிலும் கற்றாழை நாரிலும் சேலை நெய்கிறார்கள். ராஜகீழ்ப்பாக்கத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? காகிதத்தில் ஒரே ஊர் ஆகிவிட்டோம். காதில் இன்னும் ஆகவில்லை. நகரத்து எஃப்.எம். நிலையங்கள் நாளெல்லாம் பேசுகின்றன. நல்ல பாட்டும் போடுகின்றன. நம் பெயர் அதில் எப்போது வருகிறது? ஜி.எஸ்.டி. சாலையில் நெரிசல் என்றால் வரும், ஏரி உடைந்தால் வரும். மற்ற நாளெல்லாம் நாம் சென்னைக்குப் போகும் வழியில் வரும் ஊர். 1931-லேயே கடற்கரையிலிருந்து மின்சார ரயில் வந்து சேர்ந்த தாம்பரத்துக்கு, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் சொந்தமாக ஒரு குரல் கிடையாது.

2015 டிசம்பர் முதல் தேதி இரவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் எல்லாம் அடையாற்றின் படுகையாக மாறின. நான் முடிச்சூர்க்காரன். அன்று இரவு மொட்டை மாடியில் பதினோரு பேர் நின்றோம். கரண்ட் இல்லை, செல்பேசியில் உயிர் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பேட்டரி போட்ட டிரான்சிஸ்டர் ஒன்று இருந்தது. அதில் நகரத்துச் செய்தி வந்தது, பாலங்களைப் பற்றி வந்தது, ரயில் ஓடவில்லை என்பது வந்தது. எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு பதில்தான்: எங்கள் தெருவில் தண்ணீர் இன்னும் ஏறுமா, இறங்குமா? தெருத் தெருவாகச் சொல்வது அவ்வளவு பெரிய நிலையத்தின் வேலை இல்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வேலையைச் செய்ய வேறு யாரும் இல்லாமல் போனதுதான் குறை.

“இப்போதுதான் வாட்ஸ்அப் குழு இருக்கிறதே” என்பீர்கள். இருக்கிறது. ஒவ்வொரு சங்கத்துக்கும் மூன்று குழுக்கள் இருக்கின்றன. காலை வணக்கப் படங்களுக்கும் மருத்துவக் குறிப்புகளுக்கும் நடுவே, நாளைக்கு மின்தடை என்ற ஒரு வரியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கரண்ட் போய்விடுகிறது. உண்மையையும் வதந்தியையும் ஒரே தட்டில் வைத்து நீட்டுகிறது அது. 2015 வெள்ளத்தின்போது முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று ஊரெல்லாம் பரவியது. பொய். 2023-ல் மிக்ஜாம் புயலின்போது பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு முதலை சாலையைக் கடக்கும் காணொளி பரவியது. அது மெய். இரண்டும் ஒரே மாதிரிதான் நம் கைக்கு வந்தன. பொய்யை நம்பிப் பயந்தவர்கள்தான் பிறகு மெய்யை நம்பாமல் சிரித்தார்கள். “விசாரித்துவிட்டோம், இது உண்மை, அது பொய்” என்று சொல்லும் தெரிந்த குரல் ஒன்று ஊருக்கு வேண்டும். தெரியாத எண்ணிலிருந்து வரும் செய்திக்கும், மூன்றாவது தெரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை வானொலியில் சொல்லும் செய்திக்கும் உள்ள வித்தியாசத்தை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வானொலி என்றதும் உங்கள் பொருளாளர் மனதில் லட்சங்கள் ஓடும். அவருக்காக ஒரு பழைய கதையைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் வானொலி அரசாங்கத்தால் தொடங்கப்படவில்லை. ஒரு சங்கம் தொடங்கியது. 1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியில் சென்னை மாகாண வானொலிக் கழகம் உருவானது. வெளிநாட்டிலிருந்து வந்த உதிரிப் பாகங்களைக் கோத்து 40 வாட் ஒலிபரப்பி ஒன்றைச் செய்தார்கள். 40 வாட் என்றால் நம் வீட்டுப் பழைய குண்டு பல்பு ஒன்று தின்னும் மின்சாரம். அதை வைத்து அந்த ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டார்கள். பாட்டு போட்டார்கள், சொற்பொழிவு நடத்தினார்கள். மூன்று ஆண்டுகளில், 1927-ல், கழகம் மூடப்பட்டது. கருவி பழுதாகிவிடவில்லை, பேசுவதற்கு ஆளும் இருந்தார்கள். மாதா மாதம் நடத்தப் பணம் இல்லை, அவ்வளவுதான். ஒலிபரப்பியைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஒலிபரப்பியது. மாலை வேளையில் இசை, பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தனி நேரம். வீட்டில் வானொலிப் பெட்டி இல்லாதவர்களும் கேட்கட்டும் என்று கடற்கரையிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். 1938 ஜூனில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வரும்வரை இது நடந்தது.

இந்தக் கதையில் உங்களுக்கு இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒரு சிறு குழு, ஒரு பல்பின் சக்தியை வைத்துக்கொண்டு வானொலி தொடங்க முடியும் என்பது முதலாவது. இரண்டாவதை நான் அடிக்கோடிட்டுச் சொல்வேன்: வாங்குவதற்கு எப்படியாவது பணம் வந்துவிடும், நடத்துவதற்கு வராது. ஒரு கருவியை வாங்கித் தர ஒரு புரவலர் போதும். மாதம் தவறாமல் சிறு தொகை வந்துகொண்டே இருப்பதற்குச் சங்கங்கள் வேண்டும். நான் உங்களைத் தேடி வந்ததற்குக் காரணம் அதுதான்.

எஃப்.எம். அலைவரிசையிலேயே சமுதாய வானொலி தொடங்கலாமே என்று கேட்கும் விவரமானவர்களும் உங்களில் இருக்கிறார்கள். தொடங்கலாம். காற்றலை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. 2004 பிப்ரவரி முதல் தேதி, நம் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி 90.4-ல் ஒலித்தது. கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் இருந்த வாய்ப்பு 2006-ல் தொண்டு அமைப்புகளுக்கும் திறந்தது. பாம்பனில் கடல் ஓசை என்ற நிலையம் 2016 முதல் மீனவர்களுக்காகவே பேசுகிறது: காற்று எப்படி, கடல் எப்படி, இன்று போகலாமா என்று. அந்த மாதிரி ஒன்று நமக்கும் வேண்டும் என்பதுதான் என் கனவும். ஆனால் அதற்கு விண்ணப்பிக்கும் அமைப்பு பதிவு பெற்றுக் குறைந்தது 3 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், அந்த வட்டாரத்தில் சேவை செய்த சான்று வேண்டும், கோபுரம் வேண்டும், ஒலிபரப்பி வேண்டும், பல துறைகளின் அனுமதி வேண்டும். செலவு லட்சங்களில் போகும். எல்லாம் முடிந்து கிடைப்பது 100 வாட், சுமார் 10 கிலோமீட்டர். தவறில்லை, அது போதும். ஆனால் அதற்கு முன் நமக்குப் பேசத் தெரியுமா, தினமும் அதே நேரத்துக்கு வந்து உட்காரத் தெரியுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டாமா? இணைய வானொலிதான் அதற்கு நடைவண்டி. காற்றலையைத் தொடாததால் அதற்கு அலைவரிசை உரிமம் வாங்க வேண்டியதில்லை. இன்று நினைத்தால் அடுத்த மாதம் தொடங்கலாம்.

கணக்குக்கு வருகிறேன். பொருளாளர்கள் கவனித்துப் படியுங்கள்.

முதலில் ஒரு தடவைச் செலவு. யாராவது ஒருவர் வீட்டில் சும்மா கிடக்கும் மடிக்கணினி ஒன்று. இரண்டு நல்ல மைக், ஒரு சிறு மிக்சர், இரண்டு ஹெட்போன், மைக் தாங்கி. பார்த்து வாங்கினால் ரூ.25,000-க்குள் முடித்துவிடலாம். அறைக்குக் கண்ணாடிச் சுவரும் கம்பளமும் தேவையில்லை. சுவரில் பழைய ஜமுக்காளமும் போர்வையும் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசினால் எதிரொலி போய்விடும். முப்பது ஆண்டுகள் ஒலிப்பதிவு வேலை பார்த்தவன் சொல்கிறேன். நல்ல ஒலியில் பாதி, வாயை மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பதில் இருக்கிறது. அதற்குக் காசு கிடையாது.

மென்பொருளுக்கும் செலவு இல்லை. ஒலியைச் செதுக்க ஆடாசிட்டி, நேரலையில் கோத்துக் கொடுக்க மிக்ஸ், கேட்பவர்களுக்கு அனுப்ப ஐஸ்காஸ்ட், நாம் தூங்கும்போதும் பட்டியல்படி நிகழ்ச்சியை ஓட்ட அசுராகாஸ்ட். எல்லாம் கட்டற்ற மென்பொருள்கள். இறக்கிக்கொள்ள ஒரு பைசா தர வேண்டாம். நடப்பது இவ்வளவுதான்: நம் அறையிலிருந்து ஒலி ஓர் இழையாக வாடகைச் சர்வருக்குப் போகிறது, கேட்கிற ஒவ்வொருவருக்கும் சர்வர் ஒரு நகல் அனுப்புகிறது. அதனால் நம் வீட்டு பிராட்பேண்ட் ஒரே ஓர் இழையைத் தூக்கினால் போதும்.

பேச்சுக்கு நொடிக்கு 64 கிலோபிட் தாராளம். அந்த அளவில் ஒருவர் ஒரு மணி நேரம் கேட்டால் 28.8 எம்.பி. ஆகும், நிமிடத்துக்கு அரை எம்.பி.கூட இல்லை. ஒரே சமயத்தில் நூறு பேர், தினமும் 3 மணி நேரம், மாதம் முழுக்கக் கேட்டாலும் சுமார் 260 ஜி.பி.தான். மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் வாடகைக்குக் கிடைக்கும் சிறு சர்வர்கள் பெரும்பாலும் இதைப்போலப் பல மடங்கைத் தாங்கும். பிராட்பேண்டுக்கு இன்னோர் ஆயிரம். மின்சாரத்துக்கும் பழுதுக்கும் இரண்டாயிரம். தொண்டர்களின் பேருந்துக் காசுக்கும் தேநீருக்கும் இரண்டாயிரம். ஆக மாதம் ரூ.6,000. ஐம்பது சங்கங்கள் ஆளுக்கு 200 ரூபாய் கொடுத்தால் ரூ.10,000 வரும். மீதி நாலாயிரத்தைச் சேர்த்து வைத்தால் ஆண்டுக்கு ரூ.48,000; நாளைய எஃப்.எம். விண்ணப்பத்துக்கு விதை நெல். ஆண்டு விழாவுக்கு ஒருநாள் மைக் செட்டுக்கும் ஃபிளெக்ஸ் பேனருக்கும் நீங்கள் கொடுக்கும் பணத்தை நினைத்துப் பாருங்கள். 200 ரூபாய் எந்தச் சங்கத்துக்கும் பாரமில்லை.

அப்படியானால் ஏன் இதுவரை யாரும் செய்யவில்லை என்று கேட்பீர்கள். செய்தோம். தோற்றோம். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

2019-ல் நானும் இரண்டு நண்பர்களும் என் வீட்டு மாடி அறையில் ஓர் இணைய வானொலி தொடங்கினோம். ஏழு மாதம் நடத்தினோம். முதல் தவறு, இருபத்துநான்கு மணி நேரமும் ஓட்டினோம். மூன்று பேரால் அது ஆகாது. நான்காவது மாதமே வீட்டில் சண்டை, உடம்பில் சோர்வு. இரண்டாவது தவறு, சினிமாப் பாட்டை வைத்து நேரத்தை நிரப்பினோம். உரிமை வைத்திருந்த ஒரு நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. அவர்கள் கேட்டது நியாயம். எங்களிடம் பதில் இல்லை. மூன்றாவது தவறுதான் பெரியது. வேறெங்கும் கிடைப்பதையே நாங்களும் கொடுத்தோம். அதே பாட்டு செல்பேசியில் தொட்டால் வருகிறதே, எங்களிடம் ஏன் வர வேண்டும்? கேட்பவர் எண்ணிக்கை பத்தை, பதினைந்தைத் தாண்டியதே இல்லை. ஒரே ஒரு மாலை மட்டும் அறுபதைத் தாண்டியது. அன்று ஒரு கீரைக்கார அம்மாவை அழைத்து வந்து பேச வைத்திருந்தோம். முன்பு எந்த ஏரிப் பாசனத்தில் கீரை விளைந்தது, எந்த ஆண்டு எந்த மடை அடைபட்டது, இப்போது அந்த இடத்தில் எந்த அடுக்குமாடி நிற்கிறது என்று அவர் வரிசையாகச் சொன்னார். கேட்டவர்கள் தங்கள் தெருவுக்குக் கீழே ஒரு கால்வாய் இருந்ததை அன்றுதான் அறிந்தார்கள். அடுத்த நாளிலிருந்து நாங்கள் மறுபடி பாட்டு போட்டோம். அந்த அறிவீனத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

ஆகவே, தொடங்கும் முன்பே நாம் முடிவு செய்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

சினிமாப் பாட்டு வேண்டாம். வானொலி நிலையங்கள் குறித்த கட்டணம் கட்டிப் பாட்டு போட 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் 31டி என்று ஒரு பிரிவு வந்தது. இணையத்துக்கு அது பொருந்தாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது. அதனால் ஒவ்வொரு உரிமையாளரிடமும் தனித்தனியே பேசி உரிமம் வாங்க வேண்டும். நம் கையிருப்புக்கு அது கட்டாது. திருட்டுத்தனமாகப் போடுவது நமக்கு அழகும் இல்லை. பாட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நங்கநல்லூரிலும் குரோம்பேட்டையிலும் எத்தனை பிள்ளைகள் பாட்டுக் கற்றுக்கொள்கிறார்கள்! தியாகராஜர் கிருதிக்கும் திருப்புகழுக்கும் யாரிடமும் உரிமை கேட்க வேண்டாம். பாடுகிற பிள்ளையின் வீட்டாரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினால் போதும். பறையிசைக் குழுக்கள் இருக்கின்றன, தேவாலயப் பாடகர் குழுக்கள் இருக்கின்றன, நாகூர் பாட்டு பாடும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பாரதி பாட்டின் ஒலிபரப்பு உரிமை ஒரு காலத்தில் ஏவி.எம். செட்டியாரிடம் இருந்தது, 1949-ல் சென்னை மாகாண அரசு அதைப் பெற்றது, பிறகு எல்லோருக்கும் பொதுவாயிற்று. யாரோ அன்று போராடியதால்தான் இன்று நம் தெருப் பெண் அதை அச்சமின்றிப் பாடலாம். கல்கியும் புதுமைப்பித்தனும் நாட்டுடைமை. இரவு எட்டு மணிக்கு முன் பதினைந்து நிமிடம் ஒருவர் கதை வாசித்தால், கண் மங்கிய எத்தனை முதியவர்கள் காத்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நேரம் குறைவாக இருக்கட்டும், தவறாமல் இருக்கட்டும். காலை ஆறரை முதல் எட்டு, மாலை ஆறரை முதல் எட்டு. மூன்று மணி நேரம் போதும். கேட்கும் பழக்கம் கடிகாரத்தோடு ஒட்டிக்கொள்ளும் பழக்கம். இலங்கை வானொலித் தமிழ்ச் சேவையைக் கேட்டு வளர்ந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். கடல் கடந்து வந்த அந்தக் குரல்களுக்காக அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். தெளிவில்லாத அலையிலும் காத்திருந்தோம். அந்த நேரம் தவறாமைதான் அவர்களை நம் வீட்டு மனிதர்கள் ஆக்கியது.

நம் ஊரைப் பேசுவோம். இன்று எந்தப் பகுதியில் பராமரிப்பு மின்தடை? ஞாயிற்றுக்கிழமை கடற்கரை ரயில் எத்தனை மணிக்கு ரத்து? 2023 கடைசியில் வெளியூர்ப் பேருந்து நிலையம் கிளாம்பாக்கத்தில் திறந்ததிலிருந்து, ஊருக்குப் போகும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் எங்கே ஏறுவது, எப்படிப் போவது என்ற கேள்வி தீரவில்லை. அதற்கு ஐந்து நிமிடம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இந்த வாரம் என்ன விலை? மெப்ஸ் வளாகத்தில் வேலை பார்க்கும் பெண்கள் இரவுப் பணி முடிந்து திரும்பும் வழியில் எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை? சேலையூரில் தனியாக இருக்கும் பெரியவர்கள் எந்த மருந்தகம் இரவில் திறந்திருக்கும் என்று யாரிடம் கேட்பார்கள்? அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு மாலையும் ஏரி நிலவரம்: ஆதனூரில் எவ்வளவு, பீர்க்கன்காரணையில் எவ்வளவு, செம்பாக்கத்தில் கலங்கல் ஓடுகிறதா. ஏரியைப் பார்த்துவிட்டு வந்து சொல்ல, ஏரிக்கரையிலேயே குடியிருக்கும் உங்களைவிட யார் இருக்கிறார்கள்?

இதில் ஒரு கவனம் வேண்டும். இணையத்தில் செய்தியும் நடப்பு நிகழ்வும் வெளியிடுவோர் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமித்து, புகாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. முதல் நாளிலேயே அப்படி ஒருவரை நியமித்துவிடுவோம். தவறாகச் சொன்னால் அடுத்த நாள் அதே நேரத்தில் திருத்துவோம். கட்சி மேடையாக்க மாட்டோம், சாதிச் சங்கத்துக்கு நேரம் விற்க மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிய பிறகே முதல் ஒலிபரப்பு. சங்கங்களுக்குள் பிணக்கு வரும் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் எந்த ஒரு சங்கத்தின் பெயரும் இல்லாமல் பொதுவாக நடத்தச் சொல்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வெள்ளம் வந்து கரண்டும் இணையமும் போனால் இணைய வானொலியும்தானே போகும்? போகும். பொய் சொல்லி உங்களைச் சேர்க்க மாட்டேன். 2015 இரவில் இது இருந்திருந்தாலும் அந்த மொட்டை மாடியில் எங்களுக்குக் கேட்டிருக்காது. ஆனால் அதற்கு முந்தைய நாள் மாலை கேட்டிருக்கும். ஏரி நிரம்புகிறது, கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் மாடிக்குப் போங்கள், வண்டியை மேட்டில் நிறுத்துங்கள், சான்றிதழ்களைப் பையில் எடுத்து வையுங்கள் என்று தெரிந்த குரல் ஒன்று சொல்லியிருக்கும். கரண்ட் இருக்கும்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டால், போன பிறகு படும் பாடு பாதியாகும். வானொலிக்காகப் பழகிய நூறு பேர், ஒருவருக்கொருவர் முகம் தெரிந்த நூறு பேர், வெள்ளத்தில் படகு வேண்டுமென்றால் யாரைக் கேட்பது என்று அறிந்திருப்பார்கள். அது எந்தச் சர்வரிலும் இல்லை, அணைந்தும் போகாது. நாளைக்கு அதே நூறு பேர் சமுதாய வானொலி உரிமம் வாங்கினால், பேட்டரி டிரான்சிஸ்டரிலும் நம் குரல் கேட்கும்.

யாருக்கு நேரம் இருக்கிறது, யாருக்குத் தொழில்நுட்பம் தெரியும்? 2014-ல் பார்வையற்ற நண்பர்கள் சேர்ந்து ரேடியோ உடான் என்ற இணைய வானொலியை நம் நாட்டில் தொடங்கினார்கள். பஞ்சாபில் தொடங்கிய அந்த முயற்சியை, வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் தங்கள் தங்கள் வீட்டிலிருந்தே நடத்துகிறார்கள். திரையைப் பார்க்காமல், ஒலியாலேயே கணினியை இயக்கி நிகழ்ச்சி தயாரிக்கிறார்கள். அதை அறிந்த பிறகு “நமக்கு இதெல்லாம் வராது” என்று நான் சொன்னதில்லை. நீங்களும் சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் ஒவ்வொரு தெருவிலும் கணினித் துறையில் இருக்கும் பிள்ளை ஒன்று இருக்கிறது. ஓய்வுபெற்று, பேச ஆள் இல்லாமல் பால்கனியில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். இருவரையும் ஒரே அறையில் உட்கார வைப்பதுதான் சங்கத்தின் வேலை.

இப்போது என் வேண்டுகோள்.

முதலாவது, உங்கள் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம் போடுங்கள்: “தென்புறநகருக்கான பொது இணைய வானொலிக்கு நம் சங்கம் ஓராண்டுக்கு மாதம் 200 ரூபாய் தரும்.” ஓராண்டு போதும். பிடிக்கவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சங்கத்துக்கு இருவரைக் கொடுங்கள். ஒருவர் முதியவர், ஒருவர் இளையவர். இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். வாரம் ஒரு மணி நேரம் சங்கத்தின் சார்பில் அவர்கள் வந்தால் போதும். ஐம்பது சங்கங்கள் சேர்ந்தால் வாரம் ஐம்பது மணி நேரம். அதில் 21 மணி நேரம் ஒலிபரப்பு, மீதி 29 மணி நேரம் விசாரித்தலும் தயாரிப்பும். மூன்று பேர் முதுகில் சுமந்து நாங்கள் விழுந்த பாரம், நூறு தோள்களில் பிரிந்தால் யாருக்கும் கனக்காது.

மூன்றாவது, உங்களில் ஒரு சங்கம் ஓர் அறை கொடுங்கள். பத்துக்குப் பத்து போதும். தாழ்வான தெருவில் வேண்டாம். முதல் மாடியாக இருக்கட்டும், இன்வெர்ட்டர் இருக்கட்டும், சக்கர நாற்காலியில் வருபவரைத் தூக்கிச் செல்லவாவது அகலமான படிக்கட்டு இருக்கட்டும்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் நல்ல மைக் இரண்டு இருக்கின்றன. அவை இனி உங்களுடையவை. சனிக்கிழமை தோறும் அந்த அறைக்கு வந்து, எப்படிப் பேசுவது, எப்படிப் பதிவது, எப்படி வெட்டி ஒட்டுவது என்று வருகிற எல்லோருக்கும் சொல்லித் தருவேன். உடம்பு ஒத்துழைக்கும் வரை தருவேன்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் ஒரு மாலை ஆறரை மணிக்கு, நம் ஏரிகளின் நிலவரத்தோடு நாம் முதல் ஒலிபரப்பைத் தொடங்கிவிட வேண்டும். தண்ணீர் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று மொட்டை மாடியில் நின்று கேட்ட பதினோரு பேரில் அந்த டிரான்சிஸ்டர் பெரியவர் இப்போது இல்லை. மற்றப் பத்துப் பேரும் இன்னும் இங்கேதான் குடியிருக்கிறோம். எங்களுக்கு அந்தப் பதிலைச் சொல்ல உங்களால் முடியும். தீர்மானத்தைப் போடுங்கள்.

அன்புடன்,
முடிச்சூரிலிருந்து உங்கள் அண்டை வீட்டான்